எட்டிம்ஆன்லைன் தளம் எப்படி? ‘ட்வெல்’ என்ற ஒரு சொல்லை வைத்து ஒரு விமர்சனம்

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர்கள், மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கைகாட்டுவது எட்டிம்ஆன்லைன் (etymonline.com) தளத்தைத்தான். ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன, எந்தக் காலத்தில் என்ன பொருளில் புழங்கின என்று சொல்கிற அகராதி அது. காசு கட்ட வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், சொல்லைத் தட்டினால் போதும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர்காரரான டக்ளஸ் ஹார்ப்பர் 2000களின் தொடக்கத்தில் இதை ஆரம்பித்தார். அவர் மொழியியல் பேராசிரியர் அல்ல. செய்தித்தாளில் பிரதி திருத்துகிற வேலை, அமெரிக்க உள்நாட்டுப் போர் வரலாற்றில் ஈடுபாடு, அவ்வளவுதான். பெரும்பாலும் ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஏறத்தாழ 50,000 பதிவுகள் என்ற அளவுக்கு இதை வளர்த்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

நன்றாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் படிப்பவர்களுக்குப் பிரயோஜனமில்லை. அதனால் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, தளம் அதை எப்படிக் கையாள்கிறது, எங்கே அசத்துகிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்க்கலாம். நான் எடுத்துக்கொண்டது ‘ட்வெல்’ (dwell). வசிப்பது, குடியிருப்பது என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த சொல். வீட்டுத் திட்ட விண்ணப்பங்களிலும் கட்டட அனுமதித் தாள்களிலும் ‘ட்வெல்லிங் யூனிட்’ என்று பார்த்திருப்பீர்கள், தமிழில் குடியிருப்பு அலகு என்று எழுதுகிறார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு ஆங்கில பைபிளிலிருந்து பழக்கமாக இருக்கும். 23ஆம் சங்கீதத்தின் கடைசியில், கர்த்தருடைய வீட்டிலே நீடித்த நாட்களாய் நிலைத்திருப்பேன் என்று தமிழில் வருகிற இடத்தில், 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்தான் இருக்கிறது.

இந்தச் சொல்லை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ட்வெல் என்றால் வசி என்று ஒற்றை வரியில் படித்துவைத்திருப்பதால் நம் ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. ‘டோன்ட் ட்வெல் ஆன் தி பாஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் அடிக்கடி சொல்வார்கள். நடந்து முடிந்ததையே நினைத்து உழன்றுகொண்டிருக்காதே என்று அர்த்தம். அதைக் ‘கடந்த காலத்தில் வசிக்காதீர்கள்’ என்று தமிழில் போட்டிருந்த ஒரு சப்டைட்டிலைப் பார்த்தேன். மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கையில் இருந்த அகராதி வசி, தங்கு, குடியிரு என்று மூன்று சொல்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கும். வீட்டில் குடியிருப்பதற்கும் ஒரு விஷயத்தையே நினைத்துக்கொண்டிருப்பதற்கும் ஏன் ஒரே சொல் என்று அது சொல்லியிருக்காது. எட்டிம்ஆன்லைன் அதைச் சொல்கிறது, அதுவும் ஒரு சின்னப் பத்தியில்.

பதிவைத் திறந்தால் ஆரம்பமே தூக்கிவாரிப்போடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘ட்வெல்லன்’ என்ற வினைக்கு வசிப்பது என்ற பொருளே கிடையாது. வழிதவறச் செய்வது, ஏமாற்றுவது, தப்பான நம்பிக்கையில் தள்ளுவது, இதுதான் பொருள். அதே குடும்பத்துப் பெயர்ச்சொல் ஒன்று பிழை, மதத்துக்கு மாறான கொள்கை, பைத்தியம் என்ற பொருள்களில் வழங்கியிருக்கிறது. அப்புறம் இடைக்கால ஆங்கிலத்துக்கு வரும்போது தடுப்பது, தாமதப்படுத்துவது என்று மாறுகிறது. 1200ஐ ஒட்டித் தாமதிப்பது, ஓரிடத்தை விட்டு நகராமல் நிற்பது. அதற்கும் பிறகுதான் ஓரிடத்தை வீடாக்கிக்கொண்டு தங்குவது என்ற பொருள் தலைகாட்டுகிறது.

இந்த வரிசையை மெதுவாகப் படித்துப் பாருங்கள். வழி தப்பியவன் திகைத்து நிற்கிறான், நின்றவன் பொழுதைக் கடத்துகிறான், பொழுதைக் கடத்தியவன் அங்கேயே ஒரு குடிசை போட்டுவிடுகிறான். ஒவ்வொரு படியும் பக்கத்துப் படிக்கு ஒட்டினாற்போல்தான் இருக்கிறது, ஆனால் முதல் படியையும் கடைசிப் படியையும் மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாற்றுவதும் குடியிருப்பதும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன என்று தலை சுற்றும். ‘ட்வெல் ஆன்’ என்ற பிரயோகம் இந்த வரிசையின் நடுப்படியிலிருந்து கிளம்பியது, நிற்பது என்ற படியிலிருந்து. நினைப்பு ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகாமல் அதிலேயே நின்றுவிடுவது. இது தெரிந்திருந்தால் அந்த சப்டைட்டிலில் ‘பழசையே நினைச்சுக்கிட்டு நிக்காதீங்க’ என்று இயல்பாகத் தமிழ் வந்திருக்கும். ஒரு சொல்லின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வதால் என்ன பிரயோஜனம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் காட்டுகிற உதாரணம் இதுதான்.

அடுத்த வரிகளில் உறவுமொழிச் சொற்களை அடுக்குகிறது தளம். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘ட்வெல்யா’ என்றால் தாமதப்படுத்துவது. டேனிஷ், ஸ்வீடிஷ் மொழிகளில் இன்றும் தங்குவது, நின்று லயிப்பது என்ற பொருளில் இதன் உறவுகள் இருக்கின்றன. ஜெர்மன் மொழியின் பழைய வடிவமான பழைய உயர் ஜெர்மனில் தடுப்பது, தாமதிப்பது. இந்த அடுக்கில்தான் விஷயமே இருக்கிறது, ஆனால் தளம் அதை விரித்துச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது, எனக்கு அது கொஞ்சம் குறைதான். 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்ததில் தொடங்கி, வைக்கிங்குகள் அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துக் குடியேறினார்கள். உள்ளூர்க்காரர்களின் வாயில் வழிதவறச் செய்வது என்ற பொருளில் இருந்த சொல்லும், குடியேறியவர்களின் வாயில் தாமதிப்பது என்ற பொருளில் இருந்த அதன் ஒன்றுவிட்ட சகோதரச் சொல்லும் ஒரே சந்தையில், ஒரே தெருவில் புழங்கின. ஏறத்தாழ ஒரே ஒலி. ஆங்கிலச் சொல் தன் உடம்பை வைத்துக்கொண்டு நார்ஸ்காரர்களின் பொருளை வாங்கிக்கொண்டது என்றுதான் சொல்லாராய்ச்சியாளர்கள் பொதுவாக விளக்குகிறார்கள். குடியேறியவர்கள் கொண்டுவந்த பொருள் நிலைத்து, கடைசியில் அதுவே குடியிருப்பது என்ற பொருளாகவும் ஆனது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பதிவில் இதற்கு இரண்டு வாக்கியம் ஒதுக்கியிருக்கலாம்.

பழைய பொருள் முழுசாகச் செத்துவிடவில்லை என்பதற்கு ஒரு செடி சாட்சி. ‘ட்வேல்’ (dwale) என்று தேடிப் பாருங்கள். பெல்லடோனா என்கிற நச்சுச்செடிக்கு ஆங்கிலத்தில் அது பழைய பெயர், குடித்தால் மயக்கித் தூங்கவைக்கிற பானத்துக்கும் அதே பெயர். கண் பரிசோதனையின்போது கண்மணியை விரிக்க விடுகிற அட்ரோபின் சொட்டு மருந்து இருக்கிறதே, அந்த அட்ரோபின் இந்தச் செடியில் இருக்கிறது. புத்தியை மயக்குவது, வழிதவறச் செய்வது என்ற பழைய வாசனை அந்தப் பெயரில் அப்படியே இருக்கிறது.

இன்னும் கீழே போனால் தளம் இந்தச் சொல்லை, ஆங்கிலம், லத்தீன், சமஸ்கிருதம் போன்றவற்றுக்குப் பொதுத் தாயான இந்தோ ஐரோப்பிய மூலமொழியின் ஒரு வேரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தூசி, மேகம், ஆவி, புகை என்ற பொருள் கொண்ட வேர், கூடவே புலன் மங்குவது, புத்தி கலங்குவது என்ற பொருளும். அந்த வேரின் பக்கத்தைத் தொட்டுத் திறந்தால் ஆங்கிலத்தின் ‘டல்’ (மந்தம்), ‘டெஃப்’ (காது கேளாத), ‘டம்’ (வாய் பேசாத), ‘ஃப்யூம்’ (புகை) எல்லாம் ஒரு கூரைக்குக் கீழே நிற்கின்றன. சமஸ்கிருதத்தின் ‘தூம’வும் அங்கே இருக்கிறது, புகை என்று பொருள். தமிழில் தூமம் என்றும், வால்நட்சத்திரத்துக்குத் தூமகேது என்றும் வழங்குவது இதிலிருந்து வந்ததுதான். வசிப்பதைத் தேடிப் போய்ப் புகையில் வந்து நிற்கிறோம். இந்த வேர்ப்பக்கங்களில் நுழைந்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். இந்தோ ஐரோப்பிய மூலமொழியில் எழுதப்பட்ட ஒரு வரிகூட இன்று கிடையாது. பிற்கால மொழிகளை ஒப்பிட்டு, இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கட்டிய வடிவங்கள் அவை. அதைக் காட்டத்தான் முன்னால் நட்சத்திரக் குறி போடுகிறார்கள். தளமும் ஒழுங்காகப் போடுகிறது. ஆனாலும் முதல்முறை வருகிற ஒருவர் கண்ணில் அந்தக் குறி படாது. 13ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியில் இருக்கிற சொல்லும், கணித்துக் கட்டிய வேரும் ஒரே பத்தியில், ஒரே எழுத்தில், ஒரே தொனியில் வருவதால் இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பிவிடுவார்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்லிவிடுவேன், நட்சத்திரம் இருந்தால் அது கணிப்பு, இல்லாவிட்டால் எழுத்துச் சான்று இருக்கிறது என்று. அதேபோல ஆண்டுகள். 1200ஐ ஒட்டி என்று போட்டிருந்தால், நமக்குக் கிடைத்த எழுத்துகளில் முதலில் அப்போது தென்படுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். பேச்சில் அதற்கு வெகு முன்னாலேயே இருந்திருக்கலாம். இதையும், சொற்பிறப்பு என்பது இன்றைய பொருள் அல்ல என்பதையும் ஹார்ப்பரே தன் முகவுரையில் தெளிவாக எழுதியிருக்கிறார். முகவுரையைப் படிக்காமல் தேடுகிறவர்கள்தான் அதிகம், அதுதான் சிக்கல்.

இப்போது தளம் கைவிடுகிற இடம். கோயம்புத்தூரில் மாலை நேரத்தில் நான் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன், வருகிறவர்களில் பாதிப்பேர் பட்டறையிலும் கம்பெனியிலும் வேலை பார்க்கிறவர்கள். இந்தச் சொல்லைப் பலகையில் எழுதிப் பழைய பொருள்களைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டுகிற சிஎன்சி மெஷின் ஓட்டுகிற ஒரு தம்பி கையைத் தூக்கினார்.

“சார், எங்க மெசின்ல ட்வெல்னா நிக்கறதுங்க. டூல் உள்ள போயி அடியில ஒரு நொடி நிக்கும், அப்பறந்தான் வெளிய வரும்.”

“எதுக்குப்பா நிக்கணும்?” என்று கேட்டேன்.

“க்ரூவ் போடறப்ப அடியத் தொட்டதும் டக்குனு டூல எடுத்துட்டா, ஜாப் ஒரு சுத்து முழுசாச் சுத்தியிருக்காதுங்க சார். அடி வட்டமா வராது, ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்கும். அதுக்குத்தான் ஜி நாலு போட்டு நிறுத்தறது.”

ஜாப் என்பது கடைகிற துண்டு, க்ரூவ் என்பது அதில் போடுகிற பள்ளம். டூலை நிறுத்தச் சொல்கிற கட்டளையை நோட்டில் எழுதியும் காட்டினார், ஜி04 பி500. அவர் மெஷினில் பி என்பது மில்லிசெகண்ட், ஆக அரை நொடி. ஜாப்பைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒரு நொடி, அரை நொடியில் ஐந்து சுற்று வந்துவிடும், அடி சுத்தமாகிவிடும். ஆங்கிலம் வராது என்று கூச்சப்படுகிற அந்தத் தம்பிதான் 1200ஆம் ஆண்டின் பொருளை, தாமதித்து நிற்பது என்ற பொருளை, தினமும் ஷிஃப்ட் முழுக்கப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். வகுப்பே அவரைத் திரும்பிப் பார்த்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மெஷினோடு நிற்கவில்லை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய கன்டெய்னர் வெளியே போகும்வரை யார்டில் கிடக்கிற நேரம் ‘ட்வெல் டைம்’, சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏற்றுமதி இறக்குமதி வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது நீண்டால் கட்டணம் ஏறும். மெட்ரோ ரயில் பிளாட்பாரத்தில் கதவைத் திறந்துவைத்து நிற்கிற நேரத்துக்கும் அதே பெயர். எஞ்சினில் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது, அதைத் தொட்டு ஏறி இறங்குகிற ஃபாலோயர் என்ற பாகம் அசையாமல் நிற்கிற பகுதியும் ட்வெல்தான். வீட்டில் யாரும் ஆங்கிலத்தில் பேசும்போது சொல்லாத, கவிதைக்கும் வேதத்துக்கும் ஒதுங்கிப்போன சொல் என்று அகராதிகள் முத்திரை குத்துகிற ஒன்று, பட்டறையிலும் துறைமுகத்திலும் உயிரோடு திரிகிறது. எட்டிம்ஆன்லைனில் நான் பார்த்தவரை இது பற்றி ஒரு வரி இல்லை. பலர் சேர்ந்து எழுதுகிற இலவச இணைய அகராதியான விக்சனரியின் ஆங்கிலப் பதிப்பில் இருக்கிறது, இயந்திரத்தின் அசைவில் வருகிற சிறு நிறுத்தம் என்று பொறியியல் பொருளைத் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். தொழில் சார்ந்த பொருள்களுக்கு எட்டிம்ஆன்லைனை நம்ப வேண்டாம் என்பதுதான் என் அனுபவம்.

வசிப்பது பற்றிய மற்ற சொற்களில் தளம் பிரமாதம், இந்தப் பகுதிக்காகவே ஒரு முறை போய்ப் பாருங்கள். ‘ரிசைட்’ லத்தீனிலிருந்து, பின்னால் அல்லது மறுபடி என்ற முன்னொட்டும் உட்கார் என்ற வினையும் சேர்ந்தது. எல்லோரும் போனபின் உட்கார்ந்திருப்பது, மிஞ்சி நிற்பது. அதனால்தான் ‘ரெசிட்யூ’ என்று அடியில் தங்கிய மிச்சத்தையும் அதே சொல் சுட்டுகிறது. ‘இன்ஹேபிட்’டுக்கு அடியில் இருப்பது கைக்கொள்வது, வைத்திருப்பது என்ற லத்தீன் வினை, பழக்கம் என்கிற ‘ஹேபிட்’டும் அதே வினையிலிருந்துதான். ‘லிவ்’ என்ற சொல்லின் வேருக்குப் பொருள் ஒட்டிக்கொள்வது, ‘லீவ்’ என்று விட்டுப்போவதைச் சொல்கிற சொல்லும் அங்கிருந்துதான், முதலில் ஒன்றை அப்படியே இருக்கவிடுவது என்ற பொருளில் தொடங்கியது. இருப்பதும் விட்டுப்போவதும் ஒரு வயிற்றில் பிறந்தவை!

எனக்கு மிகப் பிடித்தது ‘நெய்பர்’. முதல் பாதி அருகில், இரண்டாம் பாதி குடியிருப்பவர். இந்த இரண்டாம் பாதியின் நார்ஸ் உறவு, குடியிருப்பது என்று பொருள்படும் ‘பூவா’, எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியம் தீராது. ‘ஹஸ்பண்ட்’ என்பது வீட்டில் குடியிருக்கும் தலைவன், கணவன் என்ற பொருள் பிறகுதான். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த டெர்பிஷயரில் இருக்கிற ‘பி’ டேனியர்களின் ஊர்ப்பெயர் விகுதி, குடியிருப்பு என்று பொருள், விட்பி, கிரிம்ஸ்பி எல்லாம் அதே வகை. அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் பைலாவைக் காட்டிச் சண்டை போடுகிறோமே, அந்தப் பைலாவின் ‘பை’யும் அதுதான், ஊர்ச்சட்டம் என்ற பழைய நார்ஸ் கூட்டுச்சொல். இவை எல்லாம் போய்ச் சேருகிற மூலவேருக்கு இருப்பது, ஆவது, வளர்வது என்று பொருள். இரு என்று பொருள்படும் ஆங்கிலத்தின் ‘பி’ (be) என்ற வினையும், சமஸ்கிருதத்தின் பூமியும் அங்கேதான். வீடு என்ற பொருளில் வருகிற பவனமும் அதே சமஸ்கிருத வினையிலிருந்து பிறந்தது. ராஜ்பவன், ஓட்டல் பலகைகளில் எழுதியிருக்கிற பவன், பக்கத்து வீட்டு நெய்பர் எல்லாம் தூரத்து உறவு என்று வகுப்பில் சொன்னால் தூங்கிக்கொண்டிருக்கிற பிள்ளையும் எழுந்துவிடும்.

இதையெல்லாம் பார்த்தபின் நம் ஊர் ஆங்கிலத்தைக் கவனித்தால் ஒன்று புரியும். ‘ஐ ஆம் ஸ்டேயிங் இன் வேளச்சேரி’ என்று இருபது வருஷமாகச் சொந்த வீட்டில் இருக்கிறவரும் சொல்கிறார். ஸ்டே என்றால் தற்காலிகமாகத் தங்குவது, அதைச் சொல்லாதே, லிவ் என்று சொல் என்று இலக்கணப் புத்தகங்கள் திருத்துகின்றன. பொது ஆங்கிலத் தேர்வுக்கு அந்தத் திருத்தம் சரி, நானும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் ஸ்காட்லாந்திலும் எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்க ஸ்டே என்றுதான் சொல்கிறார்கள். லத்தீனில் நில் என்ற வினையிலிருந்து வந்த ஸ்டே, நிற்பதிலிருந்து தங்குவதற்கும் தங்குவதிலிருந்து குடியிருப்பதற்கும் நகர்வது, 800 ஆண்டுகளுக்கு முன்பு ட்வெல் நடந்த அதே பாதை. தமிழைப் பாருங்கள், ‘எங்க இருக்கீங்க?’ என்றுதானே கேட்கிறோம், ‘இரு’ என்றால் உட்கார் என்றும் பொருள். குடியிருப்பதைச் சொல்ல மனிதர்கள் உட்காருவதையும் நிற்பதையும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் ‘ஸ்டேயிங்’ என்று சொல்கிற பிள்ளையை மட்டம் தட்டாதீர்கள் என்று சக ஆசிரியர்களை மனசாரக் கேட்டுக்கொள்கிறேன். எங்கே எது எடுபடும் என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

மற்ற அகராதிகளோடு ஒப்பிட்டால்? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு ஈடு எதுவும் இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம். 1884இல் முதல் பகுதி வந்து 1928இல் முடிந்தது, 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு 20 தொகுதி. ட்வெல் என்ற சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் எந்த நூலில், எந்த ஆண்டில், எந்த வாக்கியத்தில் என்று மேற்கோளோடு காட்டும். ஹார்ப்பரின் தளமே அதன் தோளில்தான் நிற்கிறது, பல பதிவுகளில் அடைப்புக்குறிக்குள் அதன் பெயரைப் போட்டு நன்றியோடு எடுத்தாள்கிறார். ஆனால் இணையத்தில் அதன் முழுப் பதிவுக்குச் சந்தா வேண்டும், நம் ஊர் மாணவரால் தனியாகக் கட்ட முடிகிற தொகை அல்ல. பல்கலைக்கழக நூலகம் கட்டியிருந்தால் விடாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மெரியம் வெப்ஸ்டர் இலவசம், இன்றைய பொருளுக்கும் உச்சரிப்புக்கும் எனக்குக் கைகொடுப்பது அதுதான். ஆனால் இந்தச் சொல்லின் வரலாற்றை ஓரிரு வரியில் முடித்துவிடுகிறது, வழிதவறுவது எப்படிக் குடியிருப்பதானது என்ற நடுப்படிகள் அங்கே கிடைக்காது. விக்சனரியில் எல்லாம் இருக்கும், சில பதிவு அபாரமாக இருக்கும், அடுத்த பதிவு பாதியில் நிற்கும், யார் எழுதினார் என்பதைப் பொறுத்தது. எட்டிம்ஆன்லைன் முழுக்க ஒரே கை எழுதியது போன்ற சீர் இருக்கிறது. ஒரு சொல்லில் படிக்கப் பழகிவிட்டால் மற்ற எல்லாச் சொல்லையும் அதே முறையில் படித்துவிடலாம்.

பயன்படுத்துவதில் உள்ள சின்னச் சின்ன விஷயங்கள். போனில் வேகமாகத் திறக்கிறது, செயலியும் உண்டு, நான் பிரௌசரிலேயே பார்த்துக்கொள்கிறேன். விளம்பரங்கள் இருக்கின்றன, இலவசச் சேவைக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு சொல்லைத் தேடினால் அதை ஒட்டிய மற்ற சொற்களையும் கீழே கொண்டுவந்து காட்டுவது பெரிய வசதி. எழுத்து மட்டும் நெருக்கம். பொருள், மூலம், உறவுச்சொல், ஆண்டு எல்லாம் ஒரே பத்தியில் அரைப்புள்ளி போட்டு அடுக்கப்பட்டிருக்கும். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருப்பவர்களுக்கு அது முதலில் மூச்சு முட்டும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் நேராகக் கொடுக்காதீர்கள், ஆசிரியர் படித்துக் கதையாகச் சொல்லலாம். பதினோராம் வகுப்புக்கு மேல் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், ஒரு பேப்பரில் பொருள் மாறிய வரிசையை அம்புக்குறி போட்டு எழுதச் சொல்லுங்கள், அந்தப் பயிற்சி நன்றாக வேலை செய்கிறது.

தமிழுக்கு இப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்பீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், 1984இல் திருத்தப்பட்ட பர்ரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர் என்று தேடினால் மலையாளத்தின் ஊர், கன்னடத்தின் ஊரு, தெலுங்கின் ஊரு என்று உறவுகளைக் காட்டும். பொன்னான வேலை. ஆனால் எந்தக் காலத்தில் எந்தப் பொருள் வந்தது, எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குப் போனது என்று சாமானிய வாசகருக்குப் புரிகிற மாதிரி ஒரு சின்னப் பத்தியில் சொல்கிற வசதி அங்கே இல்லை. சங்க இலக்கியத்தில் உறைவது, வதிவது என்று வந்தவை இன்றைக்கு எப்படி வசிப்பதும் குடியிருப்பதுமாக மாறின என்று யாராவது ஹார்ப்பர் மாதிரி உட்கார்ந்து எழுதினால் நான் முதல் ஆளாகக் காசு கொடுப்பேன்.

முதல்முறை போகிறவர்கள் ட்வெல்லில் தொடங்க வேண்டாம், அது கொஞ்சம் கனம். நெய்பர் பதிவில் தொடங்குங்கள், அங்கே இருக்கிற வேர்ச்சொல் இணைப்பைத் தொட்டு ஹஸ்பண்ட், பைலா என்று போய்ப் பழகுங்கள். ஆண்டும் நட்சத்திரக் குறியும் கண்ணுக்குப் பழகிய பிறகு ட்வெல்லுக்கு வாருங்கள், கூடவே பிரௌசரின் இன்னொரு டேப்பில் விக்சனரியையும் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.